பாலே பாக்கப் போறீங்களா, மொதல்ல காதுல இருந்து ஆரம்பிங்க

பாலேன்னா வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு கால் நுனியில சுத்துறதுன்னு மட்டும்தான் நம்மள்ல நெறைய பேருக்குத் தெரியும், அதனால யூட்யூப்ல ஒண்ண போட்டு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, யாரும் பேசவும் இல்ல பாடவும் இல்ல ஒண்ணும் வெளங்கலன்னு மூடிருவோம். பாலேயில வசனம் கிடையாது. நடிப்பும் கை சைகையும் கொஞ்சம் கதை சொல்லும், மிச்சத்த எல்லாம் மியூசிக்தான் சொல்லணும், அதனால கண்ணுக்கு முன்னாடி காதைப் பழக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால வரும்.

நம்ம மலையகத்துல காமன் கூத்து பாத்து வளந்தவங்களுக்கு இது பெரிய கஷ்டமே இல்ல. தப்பு மேளச் சத்தம் கேட்ட உடனே இது கூத்துக்கு அடிக்கிற அடியா, சாவு வீட்டு அடியான்னு லயத்து வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே சொல்லிருவோம்ல, அதே காதுதான் இங்கயும் வேணும்.

மொத வேலை, ஸ்வான் லேக்ங்கிற பாலேய எடுத்துக்குங்க, ஆனா வீடியோ வேணாம். சைக்கோவ்ஸ்கி போட்ட மியூசிக்ல அன்னத்தோட மெட்டு வர்ற துண்டு மட்டும் ஆடியோவா தேடிக் கேளுங்க, ரெண்டாவது அங்கம் தொடங்குற எடத்துல வரும், டேட்டாவும் கொஞ்சமாத்தான் போகும். இயர்போன் கட்டாயம். மழை நேரத்துல தகரத்துக்குக் கீழ ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி வாத்தியம் காணாமப் போயிரும். கேக்கும்போது மூணு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க, மேல தனியா ஏங்குற மாதிரி ஊதுறது ஓபோ, அதுக்குக் கீழ தந்தி வாத்தியமெல்லாம் நடுங்கிக்கிட்டே இருக்கும், நடுவுல ஹார்ப் ஓடும். அந்த மெட்டு வாயில முணுமுணுக்க வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேளுங்க, அவசரமே வேணாம்.

அப்புறம் கதை. ஓடெட்ங்கிற இளவரசிய ரோத்பார்ட்ங்கிற மந்திரவாதி அன்னமா மாத்தி வச்சிருக்கான், இளவரசன் சீக்ஃப்ரீட் அவள விரும்புறான், ஆனா மூணாவது அங்கத்துல ஓடெட் மாதிரியே இருக்கிற ஓடீல்ங்கிறவள கூட்டிட்டு வந்து ஏமாத்திர்றாங்க. அவன் ஓடீலுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்த உடனே நீங்க முணுமுணுத்த அதே அன்ன மெட்டு பதறிக்கிட்டு உள்ள வரும். மேடையில யாரும் வாயத் திறக்கல, ஆனா என்ன நடந்துருச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். அந்த எடத்துல எனக்கு இன்னும் ஒடம்பு சிலிர்க்கும். இதக் கேட்டுட்டு முழு வீடியோவையும் பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகும், ஒரே மூச்சுல பாக்கணும்னு இல்ல, ஒரு நாளைக்கு ஒரு அங்கம் போதும். முடிவு குழுவுக்குக் குழு மாறும், சில பேர் ரெண்டு பேரையும் ஏரியில சாக வச்சிருவாங்க, சில பேர் சேத்து வச்சிருவாங்க.

ரெண்டாவது அங்கத்துல நாலு குட்டி அன்னங்க கையக் கோத்துக்கிட்டு ஆடுறது வரும், சின்னத் துண்டுதான். பஸூன்ங்கிற ஊதுற வாத்தியம் கீழ டொக் டொக்குன்னு ஒரே சீரா போகும், மேல ஓபோ பாடும், கால்கள் அந்த டொக்குல விழுதான்னு மட்டும் பாருங்க. கை கோத்திருக்கிறதால ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் நாலு பேருக்கும் தெரிஞ்சிரும்.

மூணு எண்ணிக்கைத் தாளத்துல போற வால்ட்ஸ் வந்தா ஒண்ணு ரெண்டு மூணுன்னு தொடையில தட்டிக்கிட்டே கேளுங்க, பள்ளிக்கூடத்துல சங்கீதமோ நடனமோ எடுத்த புள்ளைங்களுக்கு திஸ்ரம் ஞாபகம் வரும்.

வரலாறு கொஞ்சம் தெரிஞ்சா போதும். பாலே இத்தாலி அரண்மனையில மொளச்சு பிரான்ஸ்ல வளந்தது, 14ஆம் லூயி ராசா தானே ஆடுனவர், 1661ல நடனத்துக்குன்னு ஒரு அக்கடமியே தொடங்குனார். பெண்கள் நுனிவிரல்ல ஆடுறது 1832ல பாரிஸ்ல மரீ தாலியோனி ஆடுன பிறகுதான் பெருசாப் பரவுச்சு. அந்தக் காலத்துல பாலே மியூசிக்க ஆட்டத்துக்குத் தாளம் போடுற வேலையாத்தான் நெறைய பேர் பாத்தாங்க, அந்த நெனப்ப மாத்துனதுல பெரிய பங்கு சைக்கோவ்ஸ்கிக்கு. ஸ்வான் லேக் 1877ல மாஸ்கோவுல மொதல்ல வந்தப்ப பெருசா எடுபடல, அவர் செத்ததுக்குப் பிறகு 1895ல பெட்டிப்பா, இவானோவ்ங்கிற ரெண்டு ஆட்டம் அமைக்கிறவங்க திருப்பி அமைச்சதுதான் இன்னைக்கு நாம பாக்குறதுல பாதிக்கு மேல.

ஆட்டமும் மியூசிக்கும் எவ்வளவு நெருக்கம்ன்னு பாக்க 1892ல வந்த சைக்கோவ்ஸ்கியோட இன்னொரு பாலே நட்கிராக்கர் நல்ல உதாரணம். எந்த எடத்துல என்ன வேகம், எவ்வளவு நீளம்னு பெட்டிப்பா முன்கூட்டியே எழுதிக் குடுப்பார், சைக்கோவ்ஸ்கி அதுக்குள்ள நின்னு மெட்டு போடுவார். சர்க்கரைத் தேவதை ஆடுற எடத்துல நீரூத்துல துளி விழுற மாதிரி சத்தம் வேணும்னு கேட்டதுக்கு, பாரிஸ்ல பாத்துட்டு வந்த செலஸ்டாங்கிற புது வாத்தியத்தைப் போட்டார். அதக் கேளுங்க, மேல செலஸ்டா கிணுகிணுக்கும், கீழ பேஸ் கிளாரினெட் வழுக்கி இறங்கி பதில் சொல்லும்.

பரதம் தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சென்னையில கலாக்ஷேத்ரா தொடங்குன ருக்மிணி தேவி மொதல்ல பாலேதான் படிச்சாங்க, ஒங்க நாட்டு ஆட்டத்தப் பாருங்கன்னு தூண்டிவிட்டது ரஷ்யாக்காரி, பாலே ஆடுறவங்க அன்னா பாவ்லோவா. ஆனா ரெண்டுக்கும் ஒடம்பு நேரெதிர், நாம அரைமண்டியில ஒக்காந்து தரையத் தட்டி தாளத்தக் கேக்க வைப்போம், அவங்க தரைய விட்டு மேல போகப் பாப்பாங்க, குதிச்சு இறங்குற சத்தம்கூட கேக்கக் கூடாது. அதனால தாளம் எங்கன்னு பாதத்துல தேடாதீங்க, ஆர்கெஸ்ட்ராவுலதான் தேடணும்.

வீட்டுல புள்ளைங்களுக்கு ஆசை வந்தா நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு பிளியே, அதாவது முட்டிய வெளிப்பக்கமா மடக்கி மெதுவா இறங்கி ஏறுறது, அத ஒரு மெதுவான பியானோவுக்குப் பழகலாம். நுனிவிரல்ல நிக்கிறத மட்டும் வீடியோ பாத்துச் செய்ய விடாதீங்க, அந்த ஷூ முனையில துணியும் பேப்பரும் பசை போட்டு இறுக்கியிருக்கும், அதுல ஏறுறதுக்கு முன்னாடி சில வருஷமாவது டீச்சர்கிட்ட படிச்சு கணுக்காலும் பாதமும் பலப்பட்டிருக்கணும், பொதுவா பதினோரு பன்னெண்டு வயசுக்குப் பிறகுதான் ஏத்துவாங்க.

ஸ்வான் லேக் பழகுனதும் புரோகோஃபியேவோட ரோமியோ ஜூலியட் கேளுங்க. ஸ்ட்ராவின்ஸ்கியோட 'ரைட் ஒஃப் ஸ்பிரிங்' கடைசியா வச்சிக்குங்க, 1913ல பாரிஸ்ல அது மொதல் நாள் மேடையேறுனப்ப அரங்கத்துல பெரிய கலாட்டாவே நடந்துச்சு, ஆனா அதோட தாளம் தப்புக் கேட்ட நம்ம காதுக்கு சீக்கிரமே ஒட்டிக்கும்ன்னு நான் நம்புறேன்.