எக்கோ சவுண்டர் பக்கம் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறதா? தகடு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

படகு மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டி, படகு எழும்பி ஓட ஆரம்பித்ததும்தான் பின்பலகையின் ஒரு ஓரத்திலிருந்து தண்ணீர் மேலே பீய்ச்சிக்கொண்டு கிளம்பும். எஞ்சின் மூடி நனையும், பேட்டரிப் பெட்டி நனையும், காற்று பின்னாலிருந்து அடித்தால் ஓட்டுகிறவர் முதுகும் நனையும். ஆழத்தைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டரின் ட்ரான்ஸ்டியூசரை, அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பை, பின்பலகையில் மாட்டிய ஃபைபர் படகுகளில் அடிக்கடி வரும் தொந்தரவு இது. உடனே எல்லோரும் சொல்லும் யோசனை, தண்ணீரைத் தடுக்க அதற்கு மேலே ஒரு தகடு அடித்துவிடு என்பது. தகடு வேலை செய்யும்தான், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ட்ரான்ஸ்டியூசர் வேண்டியதைவிட ஆழமாக இருக்கும், இல்லையென்றால் சாய்வு தப்பாக இருக்கும். அதைச் சரிசெய்யாமல் தகடு வைத்தால் முதுகு நனையாது, அவ்வளவுதான். வேகத்தில் திரை வெறுமையாகப் போகிற பிரச்சினை அப்படியே இருக்கும்.

படகு வேகமெடுத்ததும் அடியில் ஓடும் தண்ணீர் பின்பலகையின் கீழ் விளிம்பை விட்டு அப்படியே நேராகப் பின்னால் போய்விடும், பலகை காய்ந்து நிற்கும். அந்த ஓட்டத்துக்குள் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் தண்ணீர் அதில் மோதும், ட்ரான்ஸ்டியூசருக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக மேலே ஏறும், பிராக்கெட்டில் பட்டுச் சிதறும். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர், அந்த வேகத்தில் ஒரு விரல் அளவு பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தாலே போதும். நீண்ட தண்டின் நுனியில் ப்ரொப்பெல்லர் சுற்றும், மெதுவாக ஓடும் லாங் டெயில் படகில் இந்தத் தொல்லை அவ்வளவாக வராததற்கும் காரணம் இதுதான்.

சரி, படகைக் கரையேற்றிவிட்டு முதலில் உயரத்தைப் பாருங்கள். படகின் அடியில் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை முன்னும் பின்னுமாக ஒட்டிப் பிடித்து, அதன் நுனி ட்ரான்ஸ்டியூசர் வரை வரும்படி நீட்டுங்கள். ஃபைபர் படகில் ட்ரான்ஸ்டியூசரின் அடிப்பக்கம் அந்தச் சட்டத்தைவிட சுமார் 3 மி.மீ. மட்டுமே கீழே இருக்க வேண்டும். அலுமினியப் படகு என்றால் 10 மி.மீ. வரை கணக்கு. பின்பலகையின் கீழ் விளிம்பு உருண்டையாக வார்க்கப்பட்டிருந்தால் அந்த வளைவிலிருந்து அளக்காதீர்கள், தப்பான அளவு கிடைக்கும். தட்டையான அடிப்பகுதியிலிருந்துதான் சட்டத்தை நீட்ட வேண்டும். உருண்டை விளிம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு, தண்ணீர் வளைவை ஒட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும், அப்படிப்பட்ட படகில் எவ்வளவு சரியாக மாட்டினாலும் கொஞ்சம் சிதறல் இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது சாய்வு. படகு தண்ணீரில் ஓடும் நிலையில் ட்ரான்ஸ்டியூசரின் அடி நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், பின்பக்கம் 1 அல்லது 2 டிகிரி தாழ்ந்திருந்தால் தப்பில்லை, நல்லதுகூட. முன்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் வம்பு. அடியில் காற்றுக்குமிழ் சேரும், திரையில் கோடு கோடாக வரும், தண்ணீரும் மேலே தெறிக்கும். பின்பக்கத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தினாலும் அதுவே தண்ணீரைக் கிழித்து வீசும். கரையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பவர்கள், ஓடும்போது அணியம் (படகின் முன்முனை) கொஞ்சம் தூக்கியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் ஐஸ் பெட்டியும் பின்னால் ஏறினால் அந்தக் கணக்கும் மாறும், அதனால் வழக்கமான சுமையோடுதான் சோதிக்க வேண்டும்.

பிராக்கெட்டில் திருகுகள் போகும் துளைகள் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். திருகைத் தளர்த்தி 3 மி.மீ. ஏற்றுங்கள், பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், இறுக்கிவிட்டு அலை இல்லாத நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பீய்ச்சலையும் திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்பலகைக்கு மேல் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், ப்ரொப்பெல்லர் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனில் வீடியோ எடுத்தால் போதும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றிக்கொண்டே போனால் பீய்ச்சல் நிற்கும், ஆனால் ஒரு கட்டத்தில் ட்ரான்ஸ்டியூசர் தண்ணீரை விட்டே எழும்பிவிடும், வேகத்தில் ஆழம் எத்தனை பாகம் என்றே காட்டாது. ஆழம் காட்டுகிற கடைசி உயரம்தான் உங்களுக்கான உயரம். அதில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் சாரல் வந்தால் வரட்டும், ஆழம் காட்டாத எக்கோ சவுண்டரை வைத்து என்ன செய்வது?

இவ்வளவும் செய்தும் குறையவில்லை என்றால் இடமே தப்பாக இருக்கலாம். அடியில் நீளமாக ஓடும் வரம்புகளுக்கு நேர் பின்னால், தண்ணீர் இழுக்கும் துளைக்குப் பின்னால், கொட்டலசு (படகின் அடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிர்) ஒட்டிய பரப்புக்குப் பின்னால் எல்லாம் ஓட்டம் கலங்கியிருக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுற்றும் ப்ரொப்பெல்லர் என்றால் வலப்பக்கம் நல்லது, அங்கே இறக்கைகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. எஞ்சினிலிருந்து 40 செ.மீ. அளவாவது தள்ளி வையுங்கள். இடம் மாற்றும் எண்ணம் இருந்தால் பலகையில் புதுத் துளைகள் போடுவதற்குப் பதிலாக தடித்த பிளாஸ்டிக் பலகை ஒன்றை ஒரே தடவை நிலையாகப் பொருத்தி, இனிமேல் எல்லாத் துளைகளையும் அதில் போடுங்கள். பின்பலகைக்குள் ப்ளைவுட் இருந்தால் ஒவ்வொரு துளையும் தண்ணீர் இறங்கும் வழி, உள்ளே அழுக ஆரம்பித்தால் வெளியே தெரிய வெகுநாள் ஆகும். எந்தத் துளையாக இருந்தாலும் மரைன் சீலன்ட் போட்டு மூடுங்கள், குளியலறை சிலிகான் வேண்டாம். அப்புறம், தொங்கும் கேபிளையும் கவனியுங்கள். சில நேரம் பீய்ச்சுவது ட்ரான்ஸ்டியூசரே அல்ல, கிளிப் கழன்று தண்ணீரில் இழுபடும் கேபிள்தான்.

இப்போது தகடு. சாரல் தடுப்பு என்று கடையில் விற்பதும் உண்டு, வீட்டிலேயே காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகையை அறுத்துச் செய்பவர்களும் உண்டு. பிராக்கெட்டுக்குச் சற்று மேலே, பலகையிலிருந்து பின்னோக்கி நீட்டும்படி குடைபோல வைத்தால் மேலே ஏறும் தண்ணீரைக் கீழே திருப்பிவிடும். இடுக்கை மறைக்க ஒரு ரப்பர் துண்டும் வைக்கலாம். ஆனால் ஏதாவது மோதினால் ட்ரான்ஸ்டியூசர் மேலே மடங்கும் வகை பிராக்கெட் என்றால், தகடு அதைத் தடுக்காத உயரத்தில் இருக்க வேண்டும். பாலித்தீன் பலகையில் பசை நிற்காது, திருகுதான்.

பீய்ச்சலே கூடாது என்கிறவர்களுக்கு ட்ரான்ஸ்டியூசரைப் படகுக்குள் அடித்தட்டில் எபோக்சிப் பசையில் காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டும் முறை இருக்கிறது. முழு ஃபைபரால் ஆன தட்டில்தான் அது வேலை செய்யும், நடுவில் மரமோ ஃபோமோ இருந்தால் சிக்னல் போகாது. சிக்னலின் வலுவும் கொஞ்சம் குறையும், கடல்நீரின் வெப்பநிலையும் சரியாகக் காட்டாது. ஒட்டும் முன் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ட்ரான்ஸ்டியூசரைப் போட்டு, அடித்தட்டில் அழுத்திப் பிடித்து வெளியே காட்டிய அதே ஆழம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எபோக்சியைக் கலக்குங்கள்.