மேட்டூர் நீர்மட்டமும் நேரிய சார்பும்: நீங்களே சோதித்துப் பாருங்கள்

சார்பு என்றதும் மிரள வேண்டாம். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு ஒரே ஒரு விடை தருவதுதான் சார்பு. விடை ஒரே சீராகக் கூடினாலோ குறைந்தாலோ அது நேரிய சார்பு. வரைபடத்தில் நேர்கோடாக வரும். மற்றவை எல்லாம் நேரியதல்லாதவை.

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கு மணிக்கு 2,400 ரூபாய் வாடகை, வயலுக்கு வந்துபோக 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

1 மணி – 2,900
2 மணி – 5,300
5 மணி – 12,500

அடுத்து, வரிக்கு வரி கழியுங்கள். வாடகை முதலில் 2,400 கூடுகிறது, பிறகு 7,200 கூடுகிறது. இங்கேதான் பிள்ளைகள் அவசரப்பட்டு 'நேரியதல்ல' என்று எழுதிவிடுகிறார்கள். நேரமும் 3 மணி தாவியிருக்கிறதே! 7,200ஐ 3ஆல் வகுத்தால் அதே 2,400. ஆகவே இது நேரிய சார்பு. நேரம் இருமடங்கானால் வாடகையும் இருமடங்காகிறதா என்று பார்ப்பது தவறான சோதனை. அந்த 500 ரூபாய் இருக்கும்வரை அப்படி ஆகாது. ஆனாலும் கோடு நேராகத்தான் போகும்.

இப்போது மேட்டூர் அணைக்கு வருவோம். பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் டெல்டாக்காரர்கள் நாளிதழில் முதலில் தேடுகிற எண்கள் இவை. நீர்மட்டமும் நீர் இருப்பும் ஏறத்தாழ இப்படி இருக்கும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி):

120 அடி – 93.5 டி.எம்.சி.
110 அடி – 78.5
100 அடி – 65
90 அடி – 53

ஒவ்வொரு முறையும் இறங்குவது 10 அடிதான். குறையும் தண்ணீரோ 15, 13.5, 12 என்று மாறிக்கொண்டே போகிறது. எனவே இது நேரிய சார்பு அல்ல. அணையின் நீர்த்தேக்கம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், மேலே உள்ள ஓர் அடியில் நிற்கும் தண்ணீர் கீழே உள்ள ஓர் அடியில் நிற்காது. 90 அடி என்பது முழு உயரத்தில் முக்கால் பங்கு; இருப்போ பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். நாற்றங்கால் போடலாமா என்று யோசிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஓர் எச்சரிக்கை: இரண்டு வரிகளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடலாம். மூன்றாவது வரிதான் உண்மையைச் சொல்லும். 119, 119.5, 120 என்று நெருக்கமாக எடுத்தாலும் வளைவு கண்ணுக்குத் தெரியாது. தள்ளித் தள்ளி எடுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு. மா, குழி இரண்டும் நில அளவுகள். 1 மாவுக்கு 100 குழி என்றால் 2, 3, 7 மாவுக்கு எத்தனை குழி? சதுர வயலின் பக்கம் 10, 20, 30 அடி என்றால் பரப்பு என்ன? கழித்து, வகுத்துப் பாருங்கள்.