நிரலுக்கும் விஎம்முக்கும் எந்த இயங்குதளம்? டெபியனில் கேவிஎம் அமைப்பது எப்படி

நிரல் எழுதப் பழக வேண்டும், கூடவே இரண்டு மூன்று விஎம்களும் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட வேண்டும், எந்த ஓஎஸ் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் டெபியன் 13 என்ற லினக்ஸ். உபுண்டு 24.04 போட்டாலும் சரிதான். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதல் காரணம் கேவிஎம், அதாவது லினக்ஸில் விஎம்களை வேகமாக ஓட்டும் வசதி. 2007-ல் வந்த 2.6.20 பதிப்பு முதல் அது லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் தனி மாட்யூலை மறுபடி தொகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம்: ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் உங்கள் கணினியின் ஓஎஸ்) அடிக்கடி மாறாமல் நிலையாக இருக்க வேண்டும். புது டேட்டாபேஸ், புது பைதான் பதிப்பு, யாரோ சொன்ன அரைகுறை ஸ்கிரிப்ட் எல்லாம் விஎம்முக்குள் போகட்டும். கெட்டுப்போனால் அந்த விஎம்மை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். அதனால்தான் ஆர்ச், ஃபெடோரா இரண்டையும் ஹோஸ்ட்டாகப் போடச் சொல்ல மாட்டேன். ஃபெடோராவில் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. பிடித்திருந்தால் கெஸ்ட்டாக (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸாக) ஓட்டிப் பாருங்கள், அருமையாக இருக்கும்.

விண்டோஸை விடவே முடியாது என்பவர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-லிருந்து தொடங்கலாம். உள்ளே உண்மையான லினக்ஸ் கர்னல் ஓடுவதால் நிரல் பழக அது போதும். விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வியின் மேலாளர் வேண்டுமானால் விண்டோஸ் ப்ரோ தேவை, ஹோம் பதிப்பில் கிடையாது. எம் வரிசை சில்லு உள்ள மேக் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஏஆர்எம் லினக்ஸ் அதில் வேகமாக ஓடும், இன்டெல் கணினிக்கான ஓஎஸ்ஸை எமுலேஷனில்தான் (வேறு வகைச் சில்லைப் போல மென்பொருளால் நடித்து) ஓட்ட முடியும், அது மெதுவாகத்தான் இருக்கும்.

படி 1: பயாஸைப் பாருங்கள்

விண்டோஸை அழிப்பதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்குங்கள். விர்ச்சுவலைசேஷனுக்கு எதிரே ‘எனேபிள்ட்’ என்று இருந்தால் இந்தப் படி முடிந்தது. ‘டிசேபிள்ட்’ என்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) போக வேண்டும். இன்டெல் கணினியில் விடி-எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற பெயரில் இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் எஸ்விஎம் மோட் என்று தேடுங்கள். பல போர்டுகளில் ஓவர்கிளாக் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும்.

ரேம் 8 ஜிபி இருந்தால் ஒரு சின்ன விஎம் ஓட்டலாம். 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க்கிலேயே இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், ரேமுக்கு முன் எஸ்எஸ்டி வாங்குங்கள்.

படி 2: டெபியன் நிறுவல்

யுஎஸ்பி தயாரிப்பது, நிறுவுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிறுவி ரூட் கடவுச்சொல் கேட்கும்போது காலியாக விட்டுவிடுங்கள்; அப்போதுதான் உங்கள் கணக்குக்கு சூடோ (நிர்வாகி) உரிமை தானாகக் கிடைக்கும். பார்ட்டிஷன் கேட்கும்போது எல்லாம் ஒரே பகிர்வில் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் கோப்புறையைத் தனியாகப் பிரித்தால், ரூட் பகிர்வில் மீதமுள்ள சின்ன இடத்துக்குள்தான் விஎம் வட்டுகள் போய் உட்காரும். விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் அவற்றை வார் (/var) கோப்புறைக்குள் வைப்பதுதான் காரணம். நான்கு விஎம் ஆனதும் ரூட் நிரம்பி, ஹோஸ்ட்டே தடுமாறும்.

படி 3: விர்ட்-மேனேஜர்

ஏபிடி (apt) கட்டளை வழியாக, விஎம்களைச் சாளரத்தில் உருவாக்கி இயக்க உதவும் விர்ட்-மேனேஜர் தொகுப்பை நிறுவுங்கள். லிப்விர்ட்டும், விஎம்மை ஓட்டும் க்யூஇஎம்யூவும் கூடவே வந்துவிடும். அப்புறம் உங்கள் பயனர் பெயரை லிப்விர்ட் குழுவில் சேருங்கள். அட்யூசர் கட்டளைக்குப் பயனர் பெயரையும் குழுப் பெயரையும் கொடுத்தால் போதும். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் குழு மாற்றம் வராது, விர்ட்-மேனேஜர் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

படி 4: நெட்வொர்க்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். முதல் விஎம் உருவாக்கும்போது நெட்வொர்க் இயங்கவில்லை, இயக்கட்டுமா என்று விர்ட்-மேனேஜரே கேட்கும். ஆம் என்றால் எல்லாம் நன்றாக ஓடும். கணினியை அணைத்து மறுநாள் போட்டால் அதே விஎம் எழாது; ‘டிஃபால்ட்’ நெட்வொர்க் ஆக்டிவாக இல்லை என்று பிழை வரும். விஎம்மில் தவறு எதுவும் இல்லை. டெபியனில் கணினி பூட் ஆகும்போது அந்த நெட்வொர்க் தானாகத் தொடங்குவதில்லை, அவ்வளவுதான். எடிட் மெனுவில் கனெக்‌ஷன் டீட்டெய்ல்ஸ் திறந்து, விர்ச்சுவல் நெட்வொர்க்ஸ் பக்கத்தில் ‘டிஃபால்ட்’டைத் தேர்ந்தெடுங்கள். பிளே பொத்தானை அழுத்தி, ஆட்டோஸ்டார்ட் பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். இனி கெஸ்ட்டுக்கு 192.168.122 என்று தொடங்கும் ஐபி கிடைக்கும். ஹோஸ்ட்டிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாக உள்நுழையும் முறை) அதற்குள் போகலாம்.

பிரிட்ஜ் (விஎம்மை வீட்டு நெட்வொர்க்கிலேயே நேரடியாக இணைப்பது) வைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. வைஃபை லேப்டாப்பில் அதைத் தொடவே வேண்டாம். சாதாரண வைஃபை இணைப்பை லினக்ஸ் பிரிட்ஜில் சேர்க்க முடியாது, வீணாக மல்லுக்கட்ட நேரும். பழகுகிறவர்களுக்கு ஹோஸ்ட்டின் இணைப்பையே விஎம் பகிர்ந்துகொள்ளும் இந்த நாட் (NAT) நெட்வொர்க்கே போதும்.

படி 5: முதல் விஎம்

ஐஎஸ்ஓ கோப்பு (கெஸ்ட் ஓஎஸ்ஸின் நிறுவல் கோப்பு) உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருந்தால் அனுமதிப் பிரச்சினை வரலாம். லிப்விர்ட்டின் இமேஜஸ் கோப்புறைக்கே மாற்றிவிடுங்கள். முகப்பில்லாத லினக்ஸ் சர்வருக்கு 2 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு, 2 சிபியூ போதும். வட்டு க்யூகவ்2 (qcow2) என்ற கோப்பு வடிவத்தில் உருவாகும். அது தேவைக்கேற்ப வளர்வதால் 20 ஜிபியும் உடனே போய்விடாது. நிறுவி முடித்து, புதுப்பித்து, வேறு எதையும் தொடுவதற்கு முன் விஎம்மை அணைத்து ஒரு க்ளோன் (முழு நகல்) எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த விஎம்களை அந்த க்ளோனிலிருந்தே பிறப்பிக்கலாம்.

எடிட்டர் ஹோஸ்ட்டிலேயே இருக்கட்டும். விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்சி வழியாக விஎம்முக்குள் இருக்கும் கோப்புகளைத் திருத்துவது எனக்கு மிகவும் பிடித்த முறை. விஎம்முக்குள் டெஸ்க்டாப் போட்டு ரேமை வீணாக்கத் தேவையில்லை.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் வந்த இரண்டு சிக்கல்கள்

விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருள்) ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். விஎம் சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அடியில் ஹைப்பர்-வி ஓடுகிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கோர் ஐசொலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியும் இதற்குக் காரணமாகலாம். அது பாதுகாப்புக்கான வசதி என்பதால் அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹைப்பர்-வியையோ டபிள்யூஎஸ்எல்லையோ நேரடியாகப் பயன்படுத்துவது நல்லது.

டெபியன் 13-ல் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டவர்களுக்கு விடி-எக்ஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வருகிறது. 6.12 கர்னலிலிருந்து கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே சிபியூவின் அந்த வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. கேவிஎம்-இன்டெல் மாட்யூலை, ஏஎம்டி என்றால் கேவிஎம்-ஏஎம்டியை, மாட்ப்ரோப் கொண்டு இறக்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும். ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுவதைவிட, பழைய விடிஐ கோப்பை (விர்ச்சுவல்பாக்ஸின் வட்டுக் கோப்பு) க்யூஇஎம்யூ-ஐஎம்ஜி கருவியின் கன்வர்ட் கட்டளையால் க்யூகவ்2 ஆக்கி, விர்ட்-மேனேஜரில் ‘இம்போர்ட்’ கொடுத்துவிடுங்கள். கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் வட்டின் பஸ்ஸை (இணைப்பு வகையை) முதலில் சாட்டா (SATA) என்று வையுங்கள். விஎம்களுக்கென்றே உள்ள வேகமான விர்ட்-ஐஓ வகைக்கு, அதன் டிரைவரை உள்ளே நிறுவிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.