கேள்வியோடு ஒரு தப்பான விடையையும் போடுங்கள்

ஆசிரியர்களுக்கான டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் உதவி கேட்கும்போது, "பின்னம் எப்படி நடத்துவது?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாணவர் எழுதிய தவறான விடை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, "இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?" என்று கேளுங்கள்.

பொதுக் கேள்விக்கு வீடியோ இணைப்புகளும் பிடிஎஃப் கோப்புகளும்தான் வந்து குவியும். அவற்றைப் பார்க்கவே ஒரு மாலை போய்விடும். 1/2 + 1/3 = 2/5 என்ற ஒரு வரியைக் காட்டினால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்" என்பது போல, மறுநாளே வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய பதில் கிடைக்கும். இதே தவறைத் தங்கள் வகுப்பிலும் பார்த்தவர்கள் பேசத் தொடங்குவார்கள் பாருங்கள், அதுதான் இதில் பெரிய லாபம்.

பெயர், பள்ளி, வரிசை எண் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. நடத்தை, வீட்டுச் சூழல், உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். பெயரை மறைத்தாலும், அதே ஊர்க்காரர் குழுவில் இருந்தால் யாரென்று தெரிந்துவிடும். அவற்றைத் தலைமை ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.