"நாளை" என்றால் எந்த நாளை? தொற்றுக் காலத்தில் கிராமங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு "நாளை காலை 8 மணிக்கு" கொரோனாத் தடுப்பூசி போடப்படும் என்றொரு வட்ஸ்அப் செய்தி எனக்கு வந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊர்க் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வந்த செய்தியை வந்த கையோடு அதில் போட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் நான்கு முதியவர்கள் மண்டூர்த் துறையில் பாதையேறி, அதாவது இங்கு பாதை என்று அழைக்கப்படும் மிதவையில் வாவியைக் கடந்து, செய்தியில் சொல்லப்பட்ட பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு முதல்நாளே எழுதப்பட்டிருந்தது. அதிலிருந்த "நாளை", நான் பகிர்ந்த அன்று காலையிலேயே கழிந்து போயிருந்தது. திரும்பி வந்த அயல்வீட்டு அம்மம்மா என்னைப் பார்த்து, "நாளைக்கு எண்டுதானே மனே போட்டிருந்த?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால்கூட எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

செய்தி கிடைக்காமல் போவதைவிட, திகதியில்லாத, இடம் தெரியாத, யார் சொன்னதென்று விளங்காத செய்தி அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பதே கிராமத்துக்குப் பெரிய தொல்லை என்பதை அன்று அறிந்துகொண்டேன். அறிவித்தல் எழுதுபவர்கள் இன்று, நாளை, வரும் வெள்ளி ஆகிய சொற்களை அறவே விட்டு, திகதியையும் கிழமையையும் முழுமையாக எழுதவேண்டும். எந்தக் கிராம சேவகர் பிரிவுக்கு உரியது, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது, எதுவரை செல்லுபடியாகும் என்பவையும் அதே செய்தியில் இருக்கவேண்டும். குரல் பதிவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலாக உண்டு, ஏனெனில் முழுவதையும் கேட்டு முடிக்காமல் அதில் திகதியைத் தேட முடியாது. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்ட நாட்களில் சுற்றிய குரல் பதிவு ஒன்றை, 2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி மீண்டும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் குழுவில் யாரோ புதிது போலப் போட்டார். அதைக் கேட்டுக் கடைக்கு ஓடியவர்களில் என் தாயாரும் ஒருவர்.

நேற்று உண்மையாக இருந்த ஆலோசனை இன்று பழையதாகிவிடக்கூடும் என்பதாலும் திகதி முக்கியமாகிறது. நோயற்றவர்கள் பொது இடங்களில் முகக்கவசம் அணிவதை 2020இன் தொடக்கத்தில் வலியுறுத்தாத உலக சுகாதார நிறுவனம், நோய் பரவும் ஊர்களில் இடைவெளி பேண முடியாத இடங்களில் துணி முகக்கவசம் அணியலாம் என்று யூன் 5ஆம் திகதி தன் ஆலோசனையை மாற்றியது. நாளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆகவே எல்லாம் பொய் என்று இதைக் கண்டு முடிவுகட்டியவர்கள் பலர். புதிய நோயொன்றைப் பற்றிய அறிவு கூடக்கூட ஆலோசனையும் மாறத்தான் செய்யும். மாறாமல் ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவரைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கேட்டதும் பகிர்ந்துவிடும் பழக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் இந்தக் கரையோரத்தில் வளர்ந்த எவருக்கும், கேட்டதும் ஓடு, ஓடும்போதே அடுத்த வீட்டுக்கும் கத்திச் சொல்லு என்பதுதான் பாடம். 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்தபோது சனங்கள் அப்படித்தான் ஓடினார்கள். பின்னர் எச்சரிக்கை விலக்கப்பட்டது என்பதற்காக ஓடியது பிழையாகிவிடாது. ஆனால் கிருமி கடலைப்போல் நிமிடக் கணக்கில் வந்து அடிப்பதில்லை. ஓர் அழைப்பை எடுத்து விசாரிப்பதற்குத் தேவையான பத்து நிமிடம் எப்போதும் நம் கையில் இருக்கிறது, அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் கடை முன்னால் கூடும் கூட்டத்தில்தான் நோய் பரவுகிறது.

யாரை விசாரிப்பது என்பதிலும் தவறு நேர்கிறது. தனிமைப்படுத்தல், நோயாளியோடு பழகியவர்கள், கடை திறப்பு ஆகியவற்றைப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்கவேண்டும். கர்ப்பிணித் தாய்மார், குழந்தைகளின் தடுப்பூசி பற்றிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கவேண்டும். நிவாரணம், பெயர்ப் பட்டியல் என்றால் கிராம சேவகர். அம்பாறை மாவட்டத்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருப்பது நல்லது. அங்குள்ள கரையோர ஊர்களின் சுகாதார நிர்வாகம் கல்முனைப் பிராந்தியத்தின் கீழும், உட்பகுதி ஊர்களின் நிர்வாகம் அம்பாறைப் பிராந்தியத்தின் கீழும் வருகின்றன. சுகாதாரத் திணைக்களத்தின் அட்டவணைகளில் இரண்டும் தனித்தனி வரிசைகளாக இருக்கும். "அம்பாறையில் தொற்றுக் குறைவு" என்ற வரியைப் படித்துவிட்டு அக்கரைப்பற்றுக்காரர் ஆறுதல் அடைந்தால், அவர் தமக்குரியதல்லாத வரியைப் படித்திருக்கிறார். 2020 நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையைச் சூழத் தொற்றுப் பரவியபோது பார்க்கவேண்டியிருந்தது கல்முனை வரியைத்தான்.

வட்ஸ்அப் குழுதான் ஊர் என்று எண்ணிக்கொள்வதும் ஒரு தவறு. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கும், அதுவும் மகனோடு வெளியே போயிருக்கும். பெரும்போகக் காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் காவலாக வயல் வாடியில் இரவு தங்குபவர்களுக்கும், வாழைச்சேனையிலிருந்து பல நாட்களுக்குக் கடலுக்குப் போகும் தொழிலாளர்களுக்கும் செய்தி எட்டுவதில்லை. கோயிலினதும் பள்ளிவாசலினதும் ஒலிபெருக்கிகள் இன்றும் மிகப் பயனுள்ளவை. ஆனால் அவற்றில் அலுவலகத் தமிழை அப்படியே வாசித்துவிட்டுப் போவதால் பயன் குறைவு. "முதல்நிலைத் தொடர்பாளர்கள் சுயதனிமைப்படுத்தலுக்கு உட்படுதல் வேண்டும்" என்று ஆட்டோவில் அறிவித்துச் சென்ற நாளில், அது தங்களுக்குத்தான் என்று தெரியாமல் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்தை நான் பார்த்தேன். "நோய் வந்தவரோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கியவர்கள் வெளியே போகவேண்டாம்" என்று மெதுவாக இரண்டு முறை சொல்லியிருந்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விடக் கேடானது, நோயாளியின் பெயரையும் வீட்டுப் படத்தையும் பரப்புவது. அலுவலகத்திலிருந்து ஊருக்குச் செய்தி வருவது பாதிதான். காய்ச்சல் என்று ஊரிலிருந்து அலுவலகத்துக்கு அறிவிப்பது மற்றப் பாதி. முதல் நோயாளியை ஊர் அவமானப்படுத்திவிட்டால் இரண்டாவது நோயாளி வாய் திறக்கமாட்டார், மூன்றாமவர் மூச்சுத்திணறலோடுதான் வெளியே வருவார். பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இந்த மண்ணில், நோயை "அந்த ஊரார் கொண்டுவந்தது" என்று பேசுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். அரசும் இத்தவறிலிருந்து தப்பவில்லை. கொரோனாவில் இறந்தவர்களை நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தபோதிலும், நிலத்தடி நீர் மாசுபடும் என்ற ஆதாரமற்ற அச்சத்தின் பேரில் 2020 ஏப்ரலில் அடக்கமே வழக்கமான முஸ்லிம்களின் உடல்கள் உட்பட எல்லா உடல்களையும் தகனம் செய்யவேண்டும் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அது மாற்றப்பட்டு, மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. இடைப்பட்ட மாதங்களில், இறந்தால் எரித்துவிடுவார்களே என்ற பயத்தில் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கியவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள்.

இனி மருந்து. எல்லாக் காய்ச்சலையும் கொரோனாவாகவோ, எதையும் கொரோனா அல்ல என்றோ வீட்டிலேயே தீர்மானிக்கக் கூடாது. வடகீழ்ப் பருவமழையோடு இங்கு டெங்கு கூடும். சேற்றில் இறங்கும் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. டெங்கு நோயாளி காய்ச்சல் விடும் வேளையில்தான் ஆபத்தான கட்டத்துக்குள் நுழைகிறார் என்பதால், "உடம்பு குளிர்ந்துவிட்டது, சுகம்" என்று விட்டுவிடுவது உயிரைப் பறிக்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. ஐபுபுரூபன், டைக்ளோபினக், அஸ்பிரின் ஆகியவை டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், வயல்வேலை தொடங்குமுன் வழங்குவார்கள்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுமானியை ஊருக்கு ஒன்றாவது வைத்திருப்பது நல்லது. எனினும் நகப்பூச்சோ அடர்ந்த மருதோன்றியோ உள்ள விரலிலும் குளிர்ந்த கையிலும் அது பிழைக்கும். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். அது காட்டும் அளவு 94 வீதத்துக்குக் கீழே இறங்கினால், "பேசிக்கொண்டுதானே இருக்கிறார்" என்று காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள், வேப்பிலை, கொத்தமல்லிக் குடிநீர் ஆகியவற்றோடு எனக்குப் பகையில்லை. மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை பல மடங்கு ஏறியிருந்த அந்நாட்களில் அதை வாங்கித் தெளித்த காசுக்கு எத்தனை சவர்க்காரக் கட்டி வாங்கியிருக்கலாம் என்று மட்டும் எண்ணிப் பார்ப்பேன். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டுமருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. குளோரின் கரைசலை மேசை, கதவுப்பிடிகளுக்குப் பாவிக்கலாம். ஆட்கள்மீது தெளிக்கக் கூடாது, கழிவறை அமிலத்தோடு கலக்கவும் கூடாது.

கடைசியாக, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைக்கும்போது "பிள்ளையார் கோயிலடி" என்று மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர், வீதி, கிராம சேவகர் பிரிவு மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இரவில் பாதை ஓடாத துறைகளுக்கு அப்பால் இருப்பவர்கள், எந்தத் தரைவழியால் வண்டி வரவேண்டும், சந்தியில் ரோர்ச் லைட்டோடு யார் நிற்பது என்பதைப் பகலிலேயே பேசி முடித்துவைக்கவேண்டும்.