எம்.ஜி.பி. நடுவழியில் நின்றால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள்

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. அதில் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் சிறு ஸ்விட்ச்) வைத்த வண்டிகளின் இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால், ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் ஒன்று, அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று, தடித்த வயர்கள் ஐந்து, பிளக்குகள் நான்கு, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால், வண்டியில் முதலில் இருந்த கோளாறு ஒன்றுதான். மற்றவை பழுது பார்க்கும்போது சேர்ந்தவை.

வண்டி திக்கித் திணறி நின்றதும் கை நேராகக் கார்புரேட்டருக்குப் போவதுதான் முதல் தவறு. இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் கண்ணெதிரே பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன, திருகுவதற்கு வாகாக. திருகிவிட்டால் பிறகு எது பழைய நிலை என்றே தெரியாது. அதற்குப் பதில் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். 1964-இன் பிற்பகுதியிலிருந்து வந்த வண்டிகளில் அந்த முள் இக்னிஷன் மின்சுற்றிலிருந்து சைகை பெறுகிறது. கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்து, வண்டி உருண்டுகொண்டிருக்கையில் முள் மட்டும் படக்கென்று பூஜ்யத்தில் விழுந்தால், சாவிக்கும் பாயிண்ட்டுக்கும் இடையில் எங்கோ மின்சாரம் அறுந்திருக்கிறது. முள் இன்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோலையோ, காயிலுக்குப் பிறகு வரும் ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடும் துண்டு), டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்களையோ சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைக்குக் காசும் இல்லை, கருவியும் வேண்டாம்.

அடுத்த தவறு, பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்ட் திறக்கும்போது அதில் பொறி பறக்காமல் காப்பது), ரோட்டார், மூடி, பிளக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் அதைவிட மோசம். ‘புதிது, அதனால் நல்லது’ என்ற நம்பிக்கையை இந்த வண்டியில் விட்டுவிட வேண்டும். புதிதாக வாங்கிய கண்டென்சர் ஒரு வாரத்தில் போவதும், ரோட்டாரின் நடு ரிவெட் வழியாக ஸ்பார்க் கீழே சுழலும் தண்டுக்குத் தாவிவிடுவதும் பழைய வண்டிக்காரர்கள் நன்றாக அறிந்த தொல்லைகள். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

பாயிண்ட் மாட்டுவதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியை இதில் தொலைத்திருக்கிறேன். லூகாஸ் கம்பெனியின் 25டி4 ரக டிஸ்ட்ரிபியூட்டரில் சிறு தண்டு ஒன்றின்மேல் பாயிண்ட்டின் ஸ்பிரிங், கண்டென்சர் வயர், காயிலிலிருந்து வரும் வயர் மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி உட்கார வேண்டும். ஆனால் அந்தத் தண்டை அவற்றில் எதுவும் தொடக்கூடாது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குழல் அதற்குத்தான். வயர் முனையைக் குழலுக்கு வெளியே மாட்டாமல் நேராகத் தண்டில் கோத்து நட்டை இறுக்கிவிட்டால் மின்சாரம் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும், அதாவது வண்டியின் உலோக உடம்புக்கே போய்விடும். ஸ்பார்க் வரவே வராது. பாயிண்ட் திறந்திருக்கிறதே, இடைவெளி சரியாக இருக்கிறதே என்று ஃபீலர் கேஜை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

மல்டிமீட்டர் இருந்தால் இது ஒரு நிமிட வேலை. சாவியைப் போட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் அளந்து பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் ஏறக்குறைய பூஜ்யம், திறந்தால் பேட்டரியின் 12 வால்ட் காட்ட வேண்டும். பாயிண்ட் மூடியிருந்தும் 12 வால்ட் என்றால் அதன் முகத்தில் அழுக்கு, அல்லது அது உட்கார்ந்திருக்கும் அடித்தட்டின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. திறந்தும் பூஜ்யம் என்றால் ஒன்று காயிலுக்கு மின்சாரமே வரவில்லை, இல்லாவிட்டால் மேலே சொன்ன குழல் விவகாரம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி வயரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். வேக்கம் அட்வான்ஸ் (ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னால் நகர்த்தும் அமைப்பு) இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். வேலை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் சூடேறிப் பாழாகிவிடும்.

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அதை வைத்த பிறகுதான் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தைச் சரிசெய்வது. வரிசையை மாற்றினால், டைமிங் லைட் பிடித்துச் செய்த வேலையெல்லாம் வீண். இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே நகரும்.

பிளக் வயர்களின் வரிசை, சிலிண்டர் எண்படி, 1-3-4-2. ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதை மறந்து வலப்பக்கமாக மாட்டுகிறவர்கள் உண்டு.

காயிலை வாங்கும்போது கடைக்காரரிடம் ‘12 வால்ட்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய வண்டிகளுக்குச் சுமார் 3 ஓம் காயில். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பாலாஸ்ட் (காயிலுக்கு முன்னால் ஒரு மின்தடை வைத்த) வண்டிகளுக்கு அதில் ஏறக்குறைய பாதி. பின்னதை முன்னதில் மாட்டினால் பாயிண்ட் கருகும், மாற்றி மாட்டினால் ஸ்பார்க் சோர்ந்துபோகும். 1967 வரையிலான வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதை யாரோ நெகட்டிவ் எர்த்தாக மாற்றிக் காயில் வயர்களை அப்படியே விட்டிருந்தால் வண்டி ஓடத்தான் செய்யும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாக இருக்கும்.

கடைசியாக, குளிர்ந்த வண்டியில் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்துத் திருப்தி அடைவது. திறந்த வெளியில் தாவும் ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாவாமல் போகலாம். இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டியை, நின்ற அந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும். கண்டென்சரும் காயிலும் சூட்டில்தான் குணத்தைக் காட்டும். அதனால் மல்டிமீட்டர் வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, டிக்கியில் இருக்கட்டும். கூடவே, ஓடிக்கொண்டிருந்தபோது கழற்றிய பழைய கண்டென்சரும் ரோட்டாரும்.