எம்.கே.டி. பாகவதரின் வாழ்க்கையைக் காலவரிசையாகத் தொகுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டெல்டா பக்கம் பழைய வீடுகளில் பரணைக் குடைந்தால், பாடி நடித்த அந்தக் காலத் திரை நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதர் ஏதாவது ஒரு ரூபத்தில் அகப்படுவார். பாட்டுப் புத்தகமாக, இசைத்தட்டாக, கச்சேரி நோட்டீஸாக. மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர் என்பதால் அவரைப் பற்றிய பேச்சுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் பேச்சில் தேதி இருக்காது. தேதி இல்லாததை எத்தனை பேர் திருப்பிச் சொன்னாலும் அது வரலாறு ஆகாது.

திரை நட்சத்திரம் ஒருவரின் வாழ்க்கையைத் தொகுக்கப் பழகுபவர்களுக்குப் பாகவதரைவிட நல்ல தொடக்கம் இல்லை. மொத்தம் 14 படங்கள்தான்: கொலை வழக்கில் சிறை போவதற்கு முன் 9, பின் 5. ஒரு நோட்டில் அடங்கிவிடும்.

தேவையானவை: 200 பக்கக் கோடு போட்ட நோட்டு (கணினிப் பழக்கம் இருந்தால் எக்செல்), பென்சில், கேமரா நன்றாக உள்ள போன், டார்ச், மெல்லிய பிரஷ். பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் பேனா வேண்டாம். ஒரு சொட்டு மை போதும், பக்கம் பாழாகிவிடும்.

படி 1: அசையாத தேதிகளை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து வரி இடம் விடுங்கள்.

1910 மார்ச் 1: பிறப்பு, மாயவரம்
1934: முதல் படம் ‘பவளக்கொடி’, இயக்கம் கே. சுப்ரமணியம்
1937: ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’
1944 தீபாவளி: ‘ஹரிதாஸ்’ வெளியீடு
1944 நவம்பர்: பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை. டிசம்பரில் பாகவதர் கைது
1947 ஏப்ரல்: விடுதலை
1948: ‘ராஜமுக்தி’
1959 நவம்பர் 1: மறைவு

இனி கிடைக்கும் எந்தத் தகவலையும் இவற்றில் எந்த இரண்டுக்கு நடுவில் வருகிறது என்று பார்த்து அங்கே எழுதுங்கள். எங்கேயும் பொருந்தாத தகவலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு வையுங்கள். கிழித்துப் போட வேண்டாம், பிறகு உதவும்.

படி 2: பத்திகள் (நெடுவரிசைகள்) ஆறு

தேதி, ஊர், நடந்தது, அப்போது வயது, ஆதாரம், தரம். தரத்துக்கு மூன்று எழுத்து போதும். அந்தக் காலத்திலேயே அச்சானது ‘அ’. பிற்காலத்தில் யாரோ எழுதியது ‘ஆ’. வாய்வழிச் செய்தி ‘இ’.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது வயதுப் பத்தியைத்தான். பிழையைப் பிடிப்பதும் அதுதான். ‘ஹரிதாஸ்’ வந்தபோது பாகவதருக்கு 34, சிறையிலிருந்து வந்தபோது 37, மறைந்தபோது 49. யாராவது “கிழவயசுல இங்க வந்து பாடினார்” என்றால் ஒன்று ஆள் வேறு, அல்லது கேட்டவர் அப்போது சின்னப் பிள்ளை.

படி 3: தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டாக மாற்றுதல்

அதிகம் சறுக்கும் இடம் இது. கோயில் கச்சேரி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் தமிழ் வருஷமே பெரிதாக இருக்கும்.

அறுபது வருஷச் சுற்றின் முதல் வருஷமான பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது. ஆகவே ஆங்கில ஆண்டிலிருந்து 1926-ஐக் கழித்தால் வரிசை எண் வரும். 1944 என்றால் 18, தாரண. 1959 என்றால் 33, விகாரி. 1927-க்கு முந்தைய சுற்றுக்கு 1866-ஐக் கழியுங்கள்.

தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையிலான தேதிக்கு முந்தைய ஆங்கில ஆண்டை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பாகவதர் பிறந்த 1910 மார்ச் 1 மாசி மாதம். 1910-ஐ அப்படியே போட்டால் 44, சாதாரண என்று வரும், அது தவறு. 1909-ஐப் போட்டால் 43, சௌமிய. அதுதான் சரி. தை, மாசி, பங்குனி என்று கண்ணில் பட்டாலே பென்சிலால் ஒரு சுழி போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். இன்றைய மயிலாடுதுறை பழைய அச்சில் மாயவரம் என்றும் மாயூரம் என்றும் இருக்கும், ஜில்லா தஞ்சாவூராக இருக்கும். எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

படி 4: பாட்டுப் புத்தகம்

தியேட்டர் வாசலில் விற்ற மெலிந்த புத்தகம். நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாட்டுகள், பல சமயம் ராகமும் தாளமும் இருக்கும். பாபநாசம் சிவன் பாகவதருக்கு எழுதிய பாட்டுகளைத் தேடுபவர்களுக்கு இதுதான் புதையல். ஆனால் பல புத்தகங்களில் ஆண்டு இருக்காது. படம் மறுபடி ஓடியபோது திரும்ப அச்சிட்டதாகவும் இருக்கலாம். அதனால் வெளியீட்டுத் தேதிக்குப் பாட்டுப் புத்தகம் மட்டும் ஆதாரமாகாது. அச்சக முகவரியையும் அட்டையில் உள்ள விலையையும் குறித்துக்கொண்டு, தேதிக்கு அந்த ஆண்டின் பத்திரிகை விளம்பரத்தைத் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் கிடைக்கும். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலுக்கு இதற்காகப் போகாதீர்கள், அது சுவடிகளுக்கான இடம்.

புத்தகத்தைக் கையாளும்போது அவசரம் கூடாது. நடுவில் உள்ள கம்பி பின் துருப்பிடித்திருக்கும், துரு காகிதத்தை அரித்திருக்கும். பின்னோடு பக்கத்தை இழுத்தால் பாதி கையோடு வந்துவிடும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் மெல்லத் திறந்து வைத்து, பின்னின் மடங்கிய இரு காலையும் நகத்தால் மெல்ல நிமிர்த்தி, மறுபுறமாக வெளியே எடுங்கள். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு நேர் மேலிருந்து படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். யாராவது பென்சிலில் எழுதிய தேதி அங்கேதான் இருக்கும்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். லேமினேஷனும் வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் இறுக்கி மூடினால் ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். வெள்ளைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். அந்துருண்டை போடுவதானால் காகிதத்தில் படாமல் துணி முடிச்சில் போடுங்கள்.

படி 5: இசைத்தட்டு

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கு கலந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேற்பரப்பு கரைந்துவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தூசி தட்டுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பொறித்த எண் தெரியும். லேபிள் எண்ணோடு அதையும் எழுதுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே உள்ளது விரிசல் விடும், நிறுத்தி வையுங்கள்.

படி 6: பெரியவர்களிடம் கேட்பது

“பாகவதரைப் பத்திச் சொல்லுங்க தாத்தா” என்று கேட்டால் ஊரறிந்த கதைதான் வரும். 1940-ல் பிறந்தவர் ‘ஹரிதாஸ்’ முதல் வெளியீட்டின்போது நான்கு வயதுக் குழந்தை. அவர் பார்த்ததாகச் சொல்வது பிற்பாடு டூரிங் டாக்கீஸில் வந்ததாகவே இருக்கும். அதையும் எழுதுங்கள், ஆனால் 1944-க்கு நேராக அல்ல. அவர் நேரில் கண்டிருக்கக்கூடியது 1950-களின் கச்சேரிகள். அதைக் கேளுங்கள்.

ஆண்டைக் கேட்காமல் ஊருக்குத் தெரிந்த அடையாளத்தைக் கேளுங்கள். 1952 புயலுக்கு முன்னாலா, பின்னாலா? கும்பகோணம் மகாமகத்துக்கு முன்னாலா? மகாமகம் 1945-லும் வந்தது, 1956-லும் வந்தது. 1945-ல் பாகவதர் கொலை வழக்கில் சிக்கியிருந்தார். மகாமகத்துக் கூட்டத்தில் அவரைக் கேட்டேன் என்றால் எந்த மகாமகம் என்று இன்னொரு முறை பொறுமையாகக் கேளுங்கள்.

படி 7: வழக்கை எழுதும்போது

இங்கே ஒரு சொல் பிசகினாலும் அநியாயம். வரிசை இதுதான்: 1945-ல் பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை; சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடி; அப்போதைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது; 1947-ல் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. பிரிவி கவுன்சில் விடுதலை செய்தது என்று எழுதுவது தவறு. மன்னிப்புக் கிடைத்தது என்பது பெரும் தவறு. யார் தூண்டினார்கள் என்ற யூகத்தை ‘இ’ தரத்தில்கூட எழுதாதீர்கள்.

‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இதை மூன்று வருஷம் என்று எழுதிவிடுகிறார்கள். 1944, 1945, 1946 தீபாவளிகள் என்றால் ஏறக்குறைய இரண்டு வருஷம்தான். அந்த வரியையும் சிறைவாச வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவர் உள்ளே இருந்த காலத்தில்தான் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

படி 8: ‘அதே ஆண்டில்’

கடைசியாக ஒரு பத்தி சேருங்கள். 1941-க்கு எதிரே: ‘அசோக்குமார்’ படத்தில் சிறு வேடத்தில் எம்.ஜி.ஆர். 1952-க்கு எதிரே: பாகவதரின் ‘அமரகவி’, ‘சியாமளா’; அதே வருஷத் தீபாவளிக்கு, வசனத்துக்குப் பேர்போன ‘பராசக்தி’. பிந்திய படங்கள் ஏன் எடுபடவில்லை என்று பாகவதரின் விதியை நொந்து எழுதுவதைவிட, பாட்டு ஆண்ட திரையை வசனம் பிடித்துக்கொண்டது என்பதை இந்த ஒரு வரி தெளிவாகக் காட்டும். கடைசிப் படம் ‘சிவகாமி’ 1960-ல், அவர் மறைந்த பிறகு வந்தது. அதற்கு வயதுப் பத்தியில் எண் எழுதாமல் கோடு போடுங்கள்.

முடித்ததும் ‘இ’ வரிகளை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, அவற்றைச் சொன்னவர்களிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் பழைய வரியை அழிக்காமல் கீழே புது வரியாக, கேட்ட தேதியோடு எழுதுங்கள்.